பிட்ஸ்பர்கா கொலம்பஸா? ரெண்டு ஊர்லயும் குப்பை கொட்டினவன் சொல்றேன்

நீங்க கேட்டது இதுதான். இப்ப டாலஸ்ல இருக்கீங்க, கையில ரெண்டு ஆஃபர், ஒண்ணு பென்சில்வேனியா பிட்ஸ்பர்க்ல ஒரு பேங்க், இன்னொண்ணு ஒஹையோ கொலம்பஸ்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, கொலம்பஸ்காரன் வருஷத்துக்கு ஆறாயிரம் டாலர் கூட தர்றான், வீட்டுல அவங்க பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடிச்சுட்டு வேலை தேடிட்டு இருக்காங்க, பையன் ஒண்ணாங்கிளாஸ் சேரணும், எந்த ஊருக்கு போலாம்னு. நான் பிட்ஸ்பர்க்ல ஏழு வருஷம் இருந்துட்டு கொலம்பஸ் வந்து இப்ப அஞ்சு வருஷம் ஆகுது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், டீ காபி ஏதாவது எடுத்துட்டு உக்காருங்க.

மேப்ல பார்த்தா ரெண்டும் பக்கத்து பக்கத்து ஊருதான். ஐ-70 பிடிச்சா 185 மைல், மூணு மணி நேரம், நடுவுல வெஸ்ட் வர்ஜீனியா கால் மணி நேரம் எட்டிப் பாத்துட்டு போயிடும். சுத்துவட்டாரம் எல்லாம் சேர்த்தா ஜனத்தொகையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பிட்ஸ்பர்க் பக்கம் 24 லட்சம் சொச்சம், கொலம்பஸ் பக்கம் 21 லட்சம். ஆனா ஊருக்குள்ள மட்டும் எண்ணிப் பாருங்க, கதையே வேற. 1950ல பிட்ஸ்பர்க் சிட்டில 6 லட்சத்து 76 ஆயிரம் பேர் இருந்தாங்க, 2020 சென்சஸ்ல 3 லட்சத்து 3 ஆயிரம். கொலம்பஸ்ல அதே 1950ல 3 லட்சத்து 76 ஆயிரம், 2020ல 9 லட்சத்து 6 ஆயிரம். ஒண்ணு பாதிக்கு மேல இளைச்ச ஊரு, இன்னொண்ணு ரெண்டரை மடங்கு பெருத்த ஊரு. நீங்க கேட்ட வீடு, டேக்ஸ், ஸ்கூல், வேலை எல்லாத்துக்கும் பதில் சுத்தி சுத்தி இந்த எடத்துக்குதான் வரும்.

பிட்ஸ்பர்க் இளைச்சதுக்கு ஸ்டீல் மில் மூடினதுதான் காரணம்னு எல்லாரும் சொல்வாங்க, 80கள்ல நடந்தது அது, உண்மைதான், ஆனா பாதி கதைதான். மீதி பாதி, அந்த ஊரால வெளிய பரவ முடியல. சுத்தி அலெகேனி கவுண்டிக்குள்ள (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மட்டும் 130 முனிசிபாலிட்டி, ஒவ்வொண்ணுக்கும் தனி கவுன்சில், பாதிக்கு மேல தனி போலீஸ், நாலு தெரு தாண்டினா ஊர் பேரு மாறிடும். கடைசியா பெருசா ஒரு ஊர முழுங்கினது 1907ல, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அலெகேனி சிட்டிய, அதுவும் அந்த ஊர் ஜனம் வேண்டாம்னு ஓட்டு போட்டும் ரெண்டு ஊர் ஓட்டையும் ஒண்ணா எண்ணி சேர்த்துட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் பக்கத்து ஊருங்க உஷாராயிடுச்சு. கொலம்பஸ் வேற ரூட் எடுத்துச்சு. 50கள்ல மேயரா இருந்த சென்சன்பிரென்னர், உனக்கு தண்ணி கனெக்‌ஷன் சாக்கடை கனெக்‌ஷன் வேணுமா, அப்ப எங்க ஊரோட சேருன்னுட்டார். வயக்காடா இருந்ததெல்லாம் ஒவ்வொண்ணா சேர்ந்து இன்னிக்கு கொலம்பஸ் 220 சதுர மைல் இருக்கு, பிட்ஸ்பர்க் 55தான்.

இப்ப வீட்டுக்கு வருவோம். நாங்க பிட்ஸ்பர்க்ல முதல்ல பார்த்த வீடு டார்மான்ட்ல, 1920கள்ல கட்டின செங்கல் வீடு, மரப்படி, கலர் கண்ணாடி ஜன்னல், பார்த்ததும் என் வீட்டம்மாவுக்கு புடிச்சு போச்சு. பேஸ்மெண்ட் இறங்கினோம். நட்ட நடுவுல, சுவர் கிடையாது, கதவு கிடையாது, ஒரு திரை கூட கிடையாது, வெறும் சிமெண்ட் தரையில ஒத்தையா ஒரு டாய்லெட் உக்காந்திருக்கு. இது யாருக்குங்கன்னு கேட்டா ஏஜென்ட் சிரிக்கிறார், இதுக்கு பேரே பிட்ஸ்பர்க் டாய்லெட்டாம், பழைய வீடு முக்கால்வாசில இருக்குமாம். மில்லுல வேலை முடிச்சு கரியும் அழுக்குமா வர்ற ஆளு மேல வராம கீழயே கழுவிட்டு வரத்தான்னு ஊர்ல சொல்ற கதை. சாக்கடை எதிர்த்து வந்தா மேல நல்ல பாத்ரூம்ல வராம கீழயே வழியட்டும்னு வச்சதுன்னு இன்னொரு கதை, எனக்கு என்னமோ ரெண்டாவதுதான் நம்புற மாதிரி இருக்கு, ஏன்னா அந்த ஊர் மழைக்கு சாக்கடை எதிர்த்து வர்றத நானே பார்த்திருக்கேன்.

அந்த வீட்ட விட்டுட்டு வேற வீடு வாங்கினோம், அதுலயும் மாட்டினோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் பேஸ்மெண்ட் காஞ்சு இருக்குன்னு எழுதி குடுத்துட்டார், ஆகஸ்ட் மாசம் பார்த்தா காயாம என்ன பண்ணும். மார்ச் மாசம் பனி உருகி மழையும் சேர்ந்துச்சு, காலைல இறங்கிப் பார்த்தா அட்டைப்பெட்டி எல்லாம் ஊறி, பையனோட சைக்கிள் சக்கரம் பாதி தண்ணில. சுத்தி தோண்டி, தண்ணி வடியறதுக்கு ஃப்ரெஞ்ச் டிரெயின்னு ஒரு வடிகால் போட ஒன்பதாயிரம் டாலர் ஆச்சு. அதனால அங்க வாங்கறதா இருந்தா மழை பெஞ்ச மறுநாள் போய் பேஸ்மெண்ட் பாருங்க, பெயிண்ட் புதுசா அடிச்சிருந்தா ரெண்டு தடவை பாருங்க. அப்புறம் வீட்டுக்கு அடியில பழைய நிலக்கரி சுரங்கம் போகுதான்னு பார்க்கணும், ஸ்டேட் வெப்சைட்லயே மேப் இருக்கு, மண்ணு உள்வாங்கினா காசு தர்ற இன்சூரன்ஸையும் ஸ்டேட்டே விக்குது, சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல அது வராது, மலைச்சரிவு வந்தாலும் வராது.

கொலம்பஸ்ல இந்த தலைவலி எதுவும் இல்ல. நம்ம ஆளுங்க போற டப்ளின், பாவெல், லூயிஸ் சென்டர், ஹில்லியர்ட் பக்கமெல்லாம் தரை சப்பட்டை, முக்கால்வாசி வீடு கடந்த முப்பது வருஷத்துல பில்டர் கட்டினது, நாழில புழிஞ்ச முறுக்கு மாதிரி எல்லாம் ஒரே வடிவம், வெளிச்சுவர்ல ஒரே வினைல் சைடிங், ஒரே எச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) ரூல். முதல் மாசம் ஆபீஸ்லேந்து வந்து பக்கத்து வீட்டு டிரைவ்வேல வண்டிய விட்டுட்டேன், பொய் இல்ல. ஆனா விலை? அங்க ஒரு சாதாரண வீடு சுமார் இரண்டரை லட்சத்துக்குள்ள கிடைச்சா இங்க மூணு லட்சத்துக்கு மேல, நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (வீடு எந்த எல்லைக்குள்ள இருக்கோ அந்த ஸ்கூல்தான்) அதுக்கும் நல்லா மேல. 2022 ஜனவரில இன்டெல் நியூ அல்பனி பக்கம் 20 பில்லியன் டாலருக்கு சிப் ஃபேக்டரி கட்டறேன்னு சொன்னதும் ஊரே கிறுக்கு புடிச்ச மாதிரி வீடு வாங்குச்சு, 2025ல சிப் வந்துடும்னு பேச்சு, இப்ப 2030, 31ன்னு தள்ளி வச்சிருக்காங்க. ஃபேக்டரி தள்ளிப் போச்சு, வீட்டு விலை மட்டும் கீழ வரல.

டேக்ஸ்தான் இதுல பெரிய காமெடி, டாலஸ்லேந்து வர்றீங்க, ஸ்டேட் இன்கம் டேக்ஸே பார்த்திருக்க மாட்டீங்க, இங்க ஸ்டேட்டுக்கும் கீழ ஊருக்கு ஒரு இன்கம் டேக்ஸ் இருக்கு. பென்சில்வேனியால ஸ்டேட்டுக்கு எல்லாருக்கும் ஒரே 3.07 சதவீதம், இதுல யாரும் சொல்லாத விஷயம் நீங்க 401கேன்ற ரிடையர்மெண்ட் சேமிப்புல போடற பணத்துக்கும் ஸ்டேட் டேக்ஸ் பிடிப்பாங்க. ஊர் டேக்ஸ் நீங்க குடியிருக்கற எடத்த பொறுத்தது, பிட்ஸ்பர்க் சிட்டிக்குள்ள இருந்தா 3 சதவீதம், வெளிய சபர்ப்ல பெரும்பாலும் 1, மவுண்ட் லெபனான்ல 1.3. ஒஹையோல தலைகீழ், நீங்க எங்க வேலை பார்க்கறீங்களோ அந்த ஊர்தான் முதல்ல பிடிக்கும், கொலம்பஸ்ல ஆபீஸ்னா 2.5 சதவீதம், நீங்க பாவெல்லயோ டப்ளின்லயோ குடியிருந்தா உங்க ஊர் அதுக்கு கிரெடிட் குடுத்துடும். ஸ்டேட்டுக்கு 2026லேந்து 26,050 டாலருக்கு மேல 2.75 சதவீதம். கணக்கு போட்டுப் பாருங்க, சம்பளம் 1,20,000ன்னு வச்சுக்கிட்டா பிட்ஸ்பர்க் சபர்ப்ல ஸ்டேட்டும் ஊரும் சேர்த்து 4,900 கிட்ட, பிட்ஸ்பர்க் சிட்டிக்குள்ளன்னா 7,300 கிட்ட, கொலம்பஸ்ல ஆபீஸ்னா 5,900. அந்த ஆறாயிரம் கூடுதல் சம்பளத்துல ஆயிரம் இங்கயே போயிடுது, வீட்டு விலை வித்தியாசத்துக்கு வட்டி போட்டா மீதியும் போயிடும். அதனால ஆறாயிரத்த வச்சு முடிவு பண்ணாதீங்க.

வீட்டு வரில ஒரு பொறி இருக்கு. அலெகேனி கவுண்டில வீட்டு மதிப்பெல்லாம் இன்னும் 2012 கணக்குலயே இருக்கு, பக்கத்து வீட்டு தாத்தா பழைய மதிப்புக்கு வரி கட்டிட்டு இருப்பார், நீங்க புதுசா வாங்கினதும் வீட்டு வரில பங்கு வாங்கற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அப்பீல் பண்ணி உங்க வீட்டு மதிப்ப மட்டும் ஏத்தச் சொல்லும், ஊர்ல இதுக்கு புதுசா வந்தவன் வரின்னே பேரு. அது போக கவுண்டி தன் பங்கு வரிய 2025க்கு 36 சதவீதம் ஏத்திட்டாங்க. கொலம்பஸ்ல இந்த ஓரவஞ்சனை இல்ல, எல்லாருக்கும் சேர்த்து மதிப்ப ஏத்துவாங்க, 2023ல கொலம்பஸ் இருக்கற ஃபிராங்க்ளின் கவுண்டில சராசரியா 40 சதவீதம் ஏறிச்சு, தெருவே சேர்ந்து புலம்பினோம், அதுல ஒரு ஆறுதல்.

ஸ்கூல் ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு, இதுக்கு ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க. அங்க நார்த் அலெகேனி, மவுண்ட் லெபனான், அப்பர் செயின்ட் கிளேர், சவுத் ஃபயெட், இங்க டப்ளின், ஒலன்டாஞ்சி, அப்பர் ஆர்லிங்டன், நியூ அல்பனி. இங்க வந்தா ஒண்ணே ஒண்ணு கவனிங்க, ஊர் வேற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேற. 1986ல கொலம்பஸும் சுத்தி உள்ள டிஸ்ட்ரிக்ட்டும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அதனால கொலம்பஸ் சிட்டி அட்ரஸ்ல இருந்துக்கிட்டே டப்ளின் ஸ்கூல் போற வீடும் இருக்கு, அட்ரஸ்ல டப்ளின்னு போட்டும் வேற ஸ்கூல் போற வீடும் இருக்கு. வீடு விக்கற ஆப்ல போட்டிருக்கறத நம்பாம கவுண்டி ஆடிட்டர் சைட்ல பாருங்க. ஒலன்டாஞ்சி பக்கம் கூட்டம் வர்ற வேகத்துல புது ஸ்கூல் கட்டி கட்டி எல்லைய மாத்திட்டே இருக்காங்க, இந்த ஸ்கூலுக்குன்னு வீடு வாங்கினா பையன் அந்த ஸ்கூல்லதான் முடிப்பான்னு சொல்ல முடியாது. பிட்ஸ்பர்க்ல ஜனம் கூடலன்றதால எல்லை அவ்வளவு சீக்கிரம் மாறாது, இளைச்ச ஊருக்கு இப்படியும் ஒரு சௌகரியம்.

வேலை விஷயம்தான் உங்களுக்கு முக்கியம், எச்1பி வேலை விசால இருக்கீங்கன்னு நினைக்கறேன், வேலை போச்சுன்னா 60 நாள்ல வேற எடம் பார்க்கணும், அப்ப ஊர்ல எத்தனை கம்பெனி இருக்குன்றதுதான் கேள்வி. உங்க பேங்க், இன்சூரன்ஸ் லைனுக்கு கொலம்பஸ் பாதுகாப்பு. சேஸ் பேங்க் போலாரிஸ்ல ஒரு ஊரையே கட்டி வச்சிருக்கான், நேஷன்வைட் இன்சூரன்ஸ், ஹன்டிங்டன் பேங்க், மருந்து சப்ளை பண்ற கார்டினல் ஹெல்த், கரண்ட் கம்பெனி ஏஇபி, மேரிஸ்வில் பக்கம் ஹோண்டா, கவர்ன்மெண்ட் ஆபீஸ் எல்லாம் ஸ்டேட் தலைநகரம்ன்றதால இங்கதான், கன்சல்டிங் ஆளுங்களுக்கு ஒரு எடத்துல முடிஞ்சா இன்னொரு எடம். பிட்ஸ்பர்க்ல பேங்க்னா பிஎன்சி, பிஎன்ஒய், அதுக்கப்புறம் விரல் விட்டு எண்ணணும். ஆனா ரோபாட்டிக்ஸ், ஏஐ, தானா ஓடற வண்டின்னா கார்னகி மெலன் யுனிவர்சிட்டி இருக்கறதால அந்த ஊருக்கு இந்த ஊர் பக்கத்துல கூட வர முடியாது, மொழி கத்துக்குடுக்கற டுவோலிங்கோ ஆப் கம்பெனி அங்கதான், கூகுள் ஒரு பழைய பிஸ்கட் ஃபேக்டரிக்குள்ள ஆபீஸ் போட்டிருக்கான். அதுலயும் ஏத்த இறக்கம் உண்டு, ஃபோர்டும் ஃபோக்ஸ்வேகனும் பணம் போட்ட ஆர்கோன்ற தானா ஓடற வண்டி கம்பெனிய 2022ல ஒரே நாள்ல மூடினாங்க.

உங்க வீட்டுல அவங்களுக்கு? பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்னா பிட்ஸ்பர்க்தான். யுபிஎம்சின்ற ஆஸ்பத்திரி குரூப், பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டி, ஊருக்குள்ள ஓக்லாந்துன்ற ஏரியால ஒரு மைலுக்குள்ள எத்தனை ஆஸ்பத்திரி எத்தனை ரிசர்ச் சென்டர்னு போய் நின்னு பார்த்தாதான் தெரியும், மில் வேலை போன எடத்த ஆஸ்பத்திரி வேலைதான் நிரப்பிச்சு. கொலம்பஸ்லயும் ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி, நேஷன்வைட் சில்ட்ரன்ஸ் ஆஸ்பத்திரி இருக்கு, மோசம் இல்ல. யுனிவர்சிட்டி வேலைன்னா எச்1பிக்கு வழக்கமான லாட்டரி குலுக்கல் கிடையாது, அவங்க எச்4ல (எச்1பி ஆளோட குடும்பத்துக்கு தர்ற விசா) இருந்தா இது பெரிய விஷயம், இத முதல்ல விசாரிங்க.

ரோட்டுக்கு வருவோம். பிட்ஸ்பர்க்ல மூணு ஆறு, 446 பாலம், நடுவுல மலைய குடைஞ்சு சுரங்கம். ஏர்போர்ட்லேந்து ராத்திரி வந்து ஃபோர்ட் பிட் சுரங்கத்த தாண்டினா அடுத்த வினாடி பாலம், கண்ணு முன்னாடி மொத்த டவுன்டவுனும் விளக்கு போட்டு நிக்கும், அமெரிக்கால இப்படி ஒரு ஊர் நுழைவாசல் வேற எங்கயும் நான் பார்க்கல. ஆனா ரசிக்க நேரம் இல்ல, அந்த பாலம் முடியறதுக்குள்ள நாலு லேன் தாண்டணும். ஸ்க்விரல் ஹில் சுரங்கத்துல எந்த காரணமும் இல்லாம எல்லாரும் பிரேக் போடுவாங்க, அதுக்கே தினம் இருபது நிமிஷம். சிக்னல் பச்சை விழுந்ததும் எதிர்ல இடது பக்கம் திரும்பற வண்டிக்கு முதல்ல வழி விடணும், சட்டத்துல இல்ல, ஊர் வழக்கம், பிட்ஸ்பர்க் லெஃப்ட்னு பேரு. பனி பெஞ்சா வழிச்சு விட்ட பார்க்கிங் எடத்துல ஒரு நாற்காலிய போட்டு வைப்பாங்க, பழைய பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனா அத நகர்த்தி வண்டி போட எனக்கு ஏழு வருஷத்துல தைரியம் வரல. வழி கேட்டா, முன்னாடி அங்க ஒரு ஐஸ்கிரீம் கடை இருந்துச்சே அங்க திரும்புன்னு சொல்வாங்க, அந்த கடை மூடி முப்பது வருஷம் ஆகியிருக்கும். பாலமெல்லாம் வயசாச்சு, 2022 ஜனவரி 28ந் தேதி ஃபெர்ன் ஹாலோ பாலம் பஸ்ஸோட இடிஞ்சு விழுந்துச்சு, பாலம் ரோடு பத்தி பேச அப்ப பிரசிடென்டா இருந்த பைடன் அந்த ஊருக்கு வர இருந்த அதே நாள், நல்லவேளை யாரும் சாகல.

கொலம்பஸ்ல ஓட்டறது போர் அடிக்கும், அதுதான் அதோட நல்ல குணம். 270 ரிங் ரோடு, டப்ளின்ல ரவுண்டபவுட் மேல ரவுண்டபவுட், அவ்வளவுதான். ஆனா வண்டி இல்லன்னா கை கால் இல்லாத மாதிரி, ரயில் சர்வீஸ் 1979ல நின்னது நின்னதுதான், பஸ்ஸுக்கு தனி லேன் போட 2024ல ஓட்டு போட்டு சேல்ஸ் டேக்ஸ 8 சதவீதம் ஆக்கியிருக்கோம். பிட்ஸ்பர்க்ல டிராம் இருக்கு, பஸ்ஸுக்குன்னே ரோடு இருக்கு, நியூயார்க்குக்கு தினம் ஒரு ரயில் இருக்கு, ஒரு வண்டிலயே குடும்பம் ஓட்டலாம். அந்த வண்டிய வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு கொண்டு போகணும், ஒஹையோல அது கிடையாது.

வெயில்ல வளர்ந்த ஆளுக்கு ரெண்டு ஊர் குளிர்காலமும் கொடுமைதான், நவம்பர்லேந்து மார்ச் வரைக்கும் வானம் அலுமினிய பாத்திரம் மாதிரி இருக்கும். பனி அங்க வருஷத்துக்கு 44 அங்குலம், இங்க 28. இங்க டொர்னாடோ பயம் இருக்கு, வந்த முதல் புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு சைரன் அலறுது, நான் பையன தூக்கிட்டு பேஸ்மெண்டுக்கு ஓடறேன், எதிர் வீட்டுக்காரர் நிதானமா புல்லு வெட்டிட்டு இருக்கார், அப்புறம்தான் தெரிஞ்சுது, வாராவாரம் புதன்கிழமை டெஸ்டிங்காம். பிட்ஸ்பர்க்ல காத்து ஒரு பிரச்னை, பக்கத்துல கிளேர்டன்ல இன்னும் ஸ்டீலுக்காக நிலக்கரிய கோக்கா சுடற ஃபேக்டரி ஓடுது, குளிர்காலத்து காலைல காத்து அசையாத நாள்ல அழுகின முட்டை நாத்தம் வரும், நாத்தத்த ரிப்போர்ட் பண்ணவே கார்னகி மெலன் ஆளுங்க ஒரு ஆப் பண்ணி வச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க. பையனுக்கு வீசிங் இருந்தா கிளேர்டன் இருக்கற மொனாங்கஹேலா ஆத்து பள்ளத்தாக்கு பக்கம் வீடு வேண்டாம், வடக்கால கிரான்பெரி, வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் பாருங்க.

நம்ம ஆளுங்க, கடை, கோயில். ஆள் கூட்டம்னா கொலம்பஸ்தான், சாமில் ரோட்ல ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனா நாலு பேர் தெரிஞ்சவங்க சிக்குவாங்க, பக்கத்து வீட்டுக்காரங்களும் முக்கால்வாசி நேத்து வந்தவங்கன்றதால பேச்சு சுலபமா ஒட்டிக்கும். பிட்ஸ்பர்க்ல மூணு தலைமுறையா அதே தெருவுல இருக்கறவங்க, உதவின்னா ஓடி வருவாங்க, பனி வழிக்க என் பக்கத்து வீட்டு கிழவர் சொல்லாமலே வருவார், ஆனா அவங்க வட்டத்துக்குள்ள போக எனக்கு மூணு வருஷம் ஆச்சு. கோயில்னு வந்தா பிட்ஸ்பர்க்கு பக்கத்துல யாரும் நிக்க முடியாது. பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோயில் 1976லேந்து இருக்கு, பார்க்வே ஈஸ்ட்ல போகும்போதே மலை மேல வெள்ளை கோபுரம் தெரியும், அமெரிக்கால ஆகம முறைப்படி கட்டின முதல் கோயில்கள்ல ஒண்ணு. நாங்க இங்கேந்தும் வருஷத்துக்கு ரெண்டு தடவை மூணு மணி நேரம் ஓட்டிட்டு போவோம், தரிசனம் ஒரு காரணம், கீழ கேண்டீன் புளியோதரை இன்னொரு காரணம், எது முதல் காரணம்னு கேக்காதீங்க. அம்மா அப்பா ஆறு மாசம் வந்து இருக்கறதா இருந்தா யோசிங்க, அங்க கோயிலும் லண்டனுக்கு நேர் ஃப்ளைட்டும் இருக்கு, ஆனா என் அப்பா முழங்கால் வலியோட அந்த மேட்டுல பத்து அடி நடக்க முடியாம வீட்டுக்குள்ளயே இருந்தார், கொலம்பஸ் வந்ததும் காலைல நாலு மைல் நடந்துட்டு வந்து எனக்கு காபி போட்டுட்டு இருப்பார்.

நான் ஏன் பிட்ஸ்பர்க்க விட்டு வந்தேன்னு கேட்டா, வேலைதான், ஊர் இல்ல. இன்னிக்கும் ஒரு ஊர்னு மனசுல நிக்கறது அதுதான், கொலம்பஸ் வாழ வசதியா இருக்கற எடம்.

உங்க நிலைமைல நான் இருந்தா பிட்ஸ்பர்க் ஆஃபர எடுப்பேன், காரணம் உங்க வீட்டுல அவங்க வேலை. ரெண்டு சம்பளம் வந்துட்டா ஆறாயிரம் ஒண்ணுமே இல்ல, உங்க பேங்க் வேலைக்கு ஏதாவது ஆனாலும் வீட்டுல இன்னொரு விசா இருக்கும். அவங்களுக்கு கொலம்பஸ்ல ஒஹையோ ஸ்டேட்லயோ சில்ட்ரன்ஸ்லயோ முன்கூட்டியே இன்டர்வியூ கிடைச்சிருச்சுன்னா கண்ண மூடிட்டு இங்க வாங்க. எந்த ஊரானாலும் முதல் வருஷம் வாடகைதான், பிட்ஸ்பர்க்ல கிரீன் ட்ரீ, ஸ்காட் டவுன்ஷிப் பக்கம் அபார்ட்மெண்ட்ல நம்ம ஆளுங்க நிறைய, டவுன்டவுன் பத்து நிமிஷம், ஆனா சுரங்கம் வழியாத்தான் போகணும், அதனால லீஸ்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல எட்டு மணிக்கு அந்த ரூட்ட நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க.